கேள்வி நேரம்: ஈர்ப்பு அலை வந்த திசையில் காமா கதிரைத் தேடுவது எப்படி?

இந்த இதழில் எடுத்துக்கொண்ட கேள்விகள் எல்லாம் ஒரே பொருள் பற்றியவை. லைகோ, வர்கோ போன்ற கருவிகள் ஓர் ஈர்ப்பு அலையைப் பிடித்ததும், அதே மோதலிலிருந்து காமா கதிரும் வந்ததா என்று எப்படித் தேடுகிறார்கள்? பதில்களில் நேரங்கள் எல்லாம் உலக நேரத்தில் தரப்பட்டுள்ளன. நம் நேரத்துக்கு ஐந்தரை மணியைக் கூட்டிக்கொள்ளவும்.

இரண்டு கருந்துளைகள் மோதினால் ஒளி ஏதும் வராது என்கிறார்கள். பிறகு ஏன் அவற்றுக்கும் காமா தொலைநோக்கிகளைத் திருப்புகிறார்கள்? — கோவை வாசகர்

காமா கதிர் பிறக்கப் பொருள் வேண்டும். நியூட்ரான் விண்மீன் ஒன்று கிழிந்தால் அதன் சிதறல் தட்டு போலச் சுழலும். நடுவில் உருவான கருந்துளை இரு துருவங்கள் வழியாகவும் ஒளிவேகத்தை ஒட்டிய தாரைகளைப் பீய்ச்சும். இரண்டு நொடிக்கும் குறைவான காமா வெடிப்புகளில் பெரும்பாலானவை இப்படி வருபவையே. இரண்டு கருந்துளைகள் சேரும்போது கிழிவதற்கு ஒன்றுமில்லை. ஆகவே நீங்கள் சொல்வது சரி. எதிர்பார்ப்பு பூஜ்யத்துக்குப் பக்கம்தான்.

ஆனால் முதல் நிகழ்வே குழப்பியது. 2015 செப்டம்பர் 14 அன்று, சூரியனைப்போல் 36, 29 மடங்கு நிறை கொண்ட இரண்டு கருந்துளைகள் இணைந்த அலை பதிவானது. அதற்கு 0.4 நொடி கழித்து ஃபெர்மி செயற்கைக்கோளின் ஜி.பி.எம். கருவியில் ஒரு நொடி நீளத்துக்கு மெல்லிய எழுச்சி ஒன்று இருந்தது. தற்செயலாக அப்படி நேர வாய்ப்பு 0.0022, அதாவது ஆயிரத்தில் இரண்டு. அதே நேரம் இன்டெக்ரல் செயற்கைக்கோளின் கவச உணர்கருவி முழு வானத்தையும் பார்த்துக்கொண்டிருந்தது, அதில் ஒன்றுமில்லை. ஃபெர்மி தரவையே வேறு முறையில் பகுத்தவர்கள் அது பின்னணி இரைச்சலோடு ஒத்துப்போவதாகச் சொன்னார்கள். அதன்பின் வந்த கருந்துளை இணைப்புகள் எதிலும் அப்படி ஒன்று உறுதியாகவில்லை. அது தற்செயல் என்றே பெரும்பாலோர் கொள்கிறார்கள், நாங்களும் அப்படியே.

ஆயினும் தொலைநோக்கியைத் திருப்புவதற்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. வரும் அறிவிப்புகளில் மிகப் பெரும்பான்மை கருந்துளை ஜோடிகளே. நியூட்ரான் விண்மீன் அபூர்வம். அந்த அபூர்வ இரவில்தான் நிரலில் இருக்கும் பிழை தெரியவந்தது என்றால் எல்லாம் வீண். கருந்துளை அறிவிப்புகள் நல்ல ஒத்திகை. நமீபியாவின் காமா தொலைநோக்கித் தொகுதியான ஹெஸ்ஸின் குழு 2017 ஆகஸ்ட் 14-இன் கருந்துளை இணைப்பைத் தொடர்ந்து ஆகஸ்ட் 16 முதல் 18 வரை வானத்தைத் துழாவிக்கொண்டிருந்தது. நடுவில், 17-ஆம் தேதி, நிஜமான நியூட்ரான் விண்மீன் மோதல் வந்தது.

அந்த 2017 ஆகஸ்ட் 17 அன்று நடந்ததை மணிக்கணக்கில் சொல்ல முடியுமா? யார் முதலில் பார்த்தார்கள்? — திருநெல்வேலி வாசகர்

12:41:04-க்கு இணைப்பு. அதன்பின் 1.74 நொடி கழித்து காமா வெடிப்பு ஃபெர்மியை எட்டியது. ஃபெர்மியின் தானியங்கி அறிவிப்பு அடுத்த 14 நொடியில் உலகெங்கும் போய்விட்டது. அப்போது லைகோவிலிருந்து எந்தத் தகவலும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். காரணம், லைகோவின் இரண்டு கருவிகளில் ஒன்றான லிவிங்ஸ்டனின் பதிவில் இணைப்புக்குச் சற்று முன் திடீர் இரைச்சல் ஒன்று விழுந்திருந்தது. அதனால் தானியங்கி நிரல் அந்தக் கருவியின் பதிவைக் கணக்கில் எடுக்கவில்லை. மற்றொன்றான ஹான்ஃபோர்டின் பதிவு மட்டுமே சிக்கியது. மனிதர்கள் உட்கார்ந்து பார்த்து, சுற்றறிக்கை அனுப்பியபோது 13:21.

அதன்பிறகும் திசை தெரியவில்லை. இரைச்சலை நீக்கி, இத்தாலியின் வர்கோ பதிவையும் சேர்த்து, மூன்று கருவிகளின் வான்வரைபடம் வெளியானபோது மணி 17:54. பரப்பு 31 சதுர டிகிரி. வர்கோவில் சமிக்ஞை ஏறக்குறைய இல்லை. அந்த ‘இல்லை’தான் பெரிய உதவி. வர்கோவின் உணர்திறன் மங்கும் திசையிலிருந்து அலை வந்திருக்கவேண்டும் என்பதால் பரப்பு அவ்வளவு சுருங்கியது.

நமீபியாவில் அப்போதுதான் இருட்டியிருந்தது. ஹெஸ் தொலைநோக்கிகள் 17:59-க்கு, வரைபடம் வந்த ஐந்தே நிமிடத்தில், முதல் இலக்கில் நின்றன. அந்த முதல் இலக்கின் பார்வைக்குள்ளேயே, மோதல் நடந்த என்.ஜி.சி. 4993 கேலக்ஸி இருந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது. சிலியில் இருட்டிய பின் 23:33-க்கு ஒரு மீட்டர் ஸ்வோப் தொலைநோக்கி அந்தக் கேலக்ஸியில் புதிய ஒளிப்புள்ளியைக் கண்டது. இணைப்புக்குப் பின் 10.87 மணி நேரம். தூரம் 13 கோடி ஒளியாண்டு.

எல்லோரும் அதே அளவுக்கு அதிர்ஷ்டசாலிகள் இல்லை. ஃபெர்மியின் உயர் ஆற்றல் கருவியான லாட் அந்நேரம் தென் அட்லாண்டிக் கதிர்வீச்சுப் பகுதியைக் கடந்துகொண்டிருந்ததால் பதிவு நிறுத்தப்பட்டிருந்தது; 1,153 நொடிக்குப் பிறகே தரவு தொடங்குகிறது. ஸ்விஃப்டுக்கும் நம் நாட்டின் ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளுக்கும் அந்தத் திசையைப் பூமி மறைத்திருந்தது. இந்த மூன்றையும் ‘பார்த்தோம், ஒன்றுமில்லை’ என்ற கணக்கில் எழுதினால் தவறு. பார்க்கவே இல்லை என்பதும் பார்த்தும் தெரியவில்லை என்பதும் வேறு. இந்தத் துறையில் வரும் கட்டுரைகளை வாசிக்கும்போது நீங்கள் முதலில் தேடவேண்டியது இந்த வேறுபாட்டைத்தான்.

லைகோ அறிவிப்பு வந்ததும், அதைத் தொலைநோக்கியின் கண்காணிப்புத் திட்டமாக மாற்றுவது எப்படி? எம்.எஸ்ஸி. திட்டப்பணிக்காகக் கேட்கிறேன். — திருச்சி மாணவி

அறிவிப்பு ஜி.சி.என். என்னும் பொது வலையமைப்பில் வருகிறது. யாரும் இலவசமாகப் பெறலாம். முதலில் வருவது தானியங்கி முன்னறிவிப்பு. மனிதர்கள் சரிபார்த்ததும் அதை உறுதிசெய்வார்கள், அல்லது திரும்பப் பெறுவார்கள். பின்னர் திருத்திய வரைபடம் வரும்.

வரைபடத்தைத் திறக்கும் முன் மூன்று எண்களைப் பாருங்கள். பொய் அறிவிப்பு வீதம் எவ்வளவு? இரைச்சலாக இருக்கும் நிகழ்தகவு எவ்வளவு? மோதலுக்குப் பின் வெளியே பொருள் மிஞ்சியிருக்கும் நிகழ்தகவு எவ்வளவு? மூன்றாவது மிக முக்கியம். கருந்துளை கனமாக இருந்தால் நியூட்ரான் விண்மீனைக் கிழிக்காமல் முழுசாக விழுங்கிவிடும். அங்கே தேடிப் பயனில்லை. முக்கியத்துவம் குறைந்த அறிவிப்புகள் நாளொன்றுக்கு இரண்டு என்ற அளவில்கூட வரலாம் என்பதால் இந்த வடிகட்டல் இல்லாமல் எந்தத் தொலைநோக்கியும் பிழைக்காது.

அடுத்து வரைபடம். வானத்தைச் சம பரப்புள்ள ஹீல்பிக்ஸ் பிக்சல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நிகழ்தகவும் தூர மதிப்பீடும் எழுதியிருப்பார்கள். இங்கே மாணவர்கள் வழக்கமாக விழும் குழிகள் நான்கு. முதலாவது, இப்போதைய கோப்புகளில் பிக்சல் அளவு இடத்துக்கு இடம் மாறும். அதில் இருப்பது நிகழ்தகவு அல்ல, நிகழ்தகவு அடர்த்தி. பிக்சலின் பரப்பால் பெருக்காமல் கூட்டினால் கிடைக்கும் 90 சதவீதப் பரப்பு அபத்தமாக இருக்கும். முழு வானத்தையும் கூட்டினால் 1 வருகிறதா என்று பார்ப்பதே சோதனை. இரண்டாவது, ஹீல்பிக்ஸ் நிரல் கேட்கும் கோணம் வட துருவத்திலிருந்து அளப்பது. நடுவரை விலக்கத்தை அப்படியே கொடுத்தால் வரைபடம் இடம் மாறிவிடும். மூன்றாவது, பிக்சல்களுக்கு வளைய வரிசை, கூட்டு வரிசை என இரண்டு எண்ணும் முறைகள் உண்டு. ஒன்றில் எழுதியதை மற்றதில் வாசித்தால் பொடிப்பொடியாகச் சிதறிய படம் கிடைக்கும். இது கண்ணில் பட்டுவிடும் என்பதால் பரவாயில்லை. நான்காவது கண்ணில் படாது: தூர நெடுவரிசையில் இருக்கும் எண் அந்தப் பிக்சலின் சராசரித் தூரம் அல்ல, ஒரு சூத்திரத்தின் அளவுரு மட்டுமே. சில பிக்சல்களில் அது முடிவிலியாகக்கூட இருக்கும். சராசரி வேண்டுமானால் சூத்திரத்தில் போட்டு எடுக்கவேண்டும்.

இனித் திட்டம். சூரியன் தொடுவானத்துக்கு 18 டிகிரிக்குக் கீழே இருக்கும் நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இலக்கின் உச்சிக்கோணம் (தலைக்கு நேர் மேலிருந்து அளக்கும் கோணம்) 60 டிகிரிக்கு மேல் போகாத பிக்சல்களை வைத்துக்கொண்டு மற்றதை அழியுங்கள். நிலா இருந்தால் அதற்கும் தனி விதி வேண்டும். மிஞ்சிய பரப்பைப் பார்வைப் புலங்களால் மூடவேண்டும். 5 டிகிரி விட்டமுள்ள பார்வைப் புலத்தின் பரப்பு 19.6 சதுர டிகிரி. ஆனால் ஓரத்தில் உணர்திறன் சரிவதால் 10 என்று வைப்பதே நியாயம். 31 சதுர டிகிரி என்றால் மூன்று நான்கு இலக்குகளில் முடியும். 1,000 சதுர டிகிரி என்றால் 100 இலக்குகள். ஹெஸ் வழக்கப்படி ஓர் இலக்குக்கு 28 நிமிடம், நகர இரண்டு நிமிடம் என்றால் 50 மணி நேரம். ஓர் இரவில் கிடைப்பது எட்டு மணி நேரம், அதாவது 16 இலக்குகள்.

அதனால்தான் கேலக்ஸிப் பட்டியலைச் சேர்க்கிறார்கள். பிக்சலின் நிகழ்தகவையும், அந்தத் திசையில் அந்தத் தூரத்தில் கேலக்ஸிகள் உண்டா என்பதையும் பெருக்கினால், வெறுமையான பரப்புகள் விழுந்துவிடும். என்.ஜி.சி. 4993 முதல் இலக்கிலேயே வந்தது இந்தக் கணக்கால்தான். ஆனால் இதை எல்லாத் தூரத்துக்கும் நீட்டாதீர்கள். கிளேட்-பிளஸ் பட்டியலில் 2 கோடிக்கு மேற்பட்ட கேலக்ஸிகள் இருந்தாலும், அது முழுமையானது 47 மெகாபார்செக் வரைதான், அதாவது சுமார் 15 கோடி ஒளியாண்டு. அதற்கு அப்பால் பட்டியலில் இல்லாத கேலக்ஸிகள் கூடிக்கொண்டே போகும். வெகு தூர நிகழ்வுக்குப் பட்டியலை நம்பினால், பட்டியல் போட்டவர்கள் எங்கே நன்றாகப் பார்த்தார்களோ அங்கேயே நீங்களும் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

வரிசைக்கு ஒரு குறிப்பு: நிகழ்தகவு கூடியது முதலில் என்று கண்ணை மூடிக்கொண்டு போகாதீர்கள். எது முதலில் மறையப்போகிறது என்பதையும் பாருங்கள். 2017-இன் இலக்கு நீரரவ மண்டலத்தில், சூரியனுக்கு மிக அருகில் இருந்தது. இருட்டிய சற்று நேரத்தில் மேற்கே இறங்கிவிட்டது. அரை மணி தாமதம்கூட அங்கே பெரிய இழப்பு. நடுவில் திருத்திய வரைபடம் வந்தால் பழைய திட்டத்தைப் பிடித்துத் தொங்காமல் மறுபடி கணக்கிடுங்கள்; ஏற்கெனவே பார்த்த பரப்பை மட்டும் கழித்துக்கொள்ளலாம்.

ஃபெர்மியில் வந்த வெடிப்பும் ஈர்ப்பு அலையும் ஒன்றுக்கொன்று தொடர்புடையவை என்று எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள்? தற்செயலாக இருக்கக்கூடாதா? — புதுச்சேரி வாசகர்

கணக்கு எளிது, நீங்களே போடலாம். ஃபெர்மி ஜி.பி.எம். ஆண்டுக்குச் சுமார் 40 குறுங்கால வெடிப்புகளைப் பிடிக்கிறது. ஆண்டுக்கு 3.16 கோடி நொடி. ஏதோ ஒரு 10 நொடிச் சன்னலில் தற்செயலாக ஒன்று விழ வாய்ப்பு ஏறக்குறைய 80,000-இல் ஒன்று. திசையும் ஒத்துப்போகவேண்டும் என்றால் வாய்ப்பு இன்னும் குறையும். 2017 நிகழ்வுக்கு இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டபோது 5.3 சிக்மா வந்தது. (சிக்மா கூடக்கூடத் தற்செயலாக இருக்கும் வாய்ப்பு குறையும்.)

சிக்கல் பலவீனமான சமிக்ஞைகளில்தான். செயற்கைக்கோளின் கணினி தானாக விழித்துக்கொள்ள, குறைந்தது இரண்டு உணர்கருவிகளில் பின்னணியை விட 4.5 சிக்மா எழுச்சி வேண்டும். அதற்குக் கீழே இருப்பவற்றைத் தரையில் தேடுகிறார்கள். அலை வந்த நேரத்துக்கு முன்னும் பின்னும் 30 நொடி எடுத்து, 64 மில்லிநொடி முதல் 8.192 நொடி வரை வெவ்வேறு நீளத் துண்டுகளாகப் பார்த்து, மென்மை, நடுத்தரம், கடினம் என மூன்று மாதிரி நிறமாலைகளோடு பொருத்திப்பார்ப்பார்கள். இத்தனை சேர்க்கைகளில் ஏதாவது ஒன்று தற்செயலாகப் பொருந்தத்தான் செய்யும். அதனால் முயன்ற எண்ணிக்கைக்கான தண்டனையைச் சேர்க்காமல் சிக்மா சொல்பவரை நம்பவேண்டாம்.

திசையைப் பற்றியும் சொல்லவேண்டும். ஜி.பி.எம்.மில் படம் எடுக்கும் வசதி கிடையாது. 12 சோடியம் அயோடைடு உணர்கருவிகள் வெவ்வேறு பக்கம் பார்த்து நிற்கின்றன. வெயில் எந்தப் பக்கம் என்பதை எந்தச் சுவர் சுடுகிறது என்று தொட்டுப்பார்த்துச் சொல்வதுபோல், எதில் எண்ணிக்கை கூடியது என்பதை வைத்துத் திசையைக் கணிக்கிறார்கள். பூமியின் வளிமண்டலத்தில் பட்டுத் திரும்பும் காமா கதிரும் கூடவே உள்ளே வருவதால், பலமான வெடிப்புக்கும் பிழை மூன்று நான்கு டிகிரிக்குக் கீழே இறங்காது. பலவீனமானதற்குப் பத்து டிகிரிக்கு மேல்.

ஸ்விஃப்டின் பேட் கருவியின் சங்கடம் வேறு. அது நல்ல திசை தரும். ஆனால் ஒவ்வொரு ஃபோட்டானின் பதிவையும் கீழே அனுப்ப அலைவரிசை போதாது. பதிவு சுமார் அரை மணி நேரம் நினைவகத்தில் சுற்றிக்கொண்டிருந்துவிட்டு அழிந்துவிடும். இப்போது ஈர்ப்பு அலை அறிவிப்பு வந்ததும், ‘அந்த நேரத்துப் பதிவை அழிக்காதே’ என்ற கட்டளையைத் தானியங்கியாக மேலே அனுப்பும் குவானோ என்ற முறை நடைமுறையில் உள்ளது. அறிவிப்பு தாமதமானால் தரவு போனது போனதுதான்.

தரையிலுள்ள செரென்கோவ் தொலைநோக்கிகள் இதில் என்ன செய்ய முடியும்? நொடிக்கணக்கில் முடிந்துவிடும் வெடிப்பை மணிக்கணக்கு கழித்துப் பார்ப்பதில் பயன் உண்டா? — யாழ்ப்பாண வாசகர்

உண்டு, காரணம் பின்னொளிர்வு. தாரை சுற்றிலுமுள்ள வாயுவில் மோதி மணிக்கணக்கில், நாள்கணக்கில் மின்னும். ஹெஸ், 2018 ஜூலையில் ஒரு நீண்ட வெடிப்பைத் தொடங்கிப் பத்து மணி நேரம் கழித்தும் பிடித்தது. 2019 ஜனவரி 14-இன் வெடிப்பை ஸ்பெயினின் லா பால்மா தீவிலுள்ள மேஜிக் தொலைநோக்கிகள் 57 நொடிக்குள் பார்க்கத் தொடங்கி, டெரா எலக்ட்ரான்வோல்ட் வரை கண்டது. இவை நீண்ட வகை; விண்மீன் குலைந்து விழுவதால் வருபவை. மோதலால் வரும் குறுகிய வகையில் இதுவரை மிக நெருக்கமானது 2016 ஆகஸ்ட் 21-இன் வெடிப்பில் மேஜிக் கண்ட 3 சிக்மா அறிகுறிதான். உறுதியான கண்டுபிடிப்பு என்று அதைச் சொல்ல மாட்டோம்.

இந்தத் தொலைநோக்கிகள் பார்ப்பது காமா கதிரை அல்ல. கதிர் வளிமண்டலத்தில் எழுப்பும் துகள் மழையிலிருந்து வரும், சில நானோநொடியே நீடிக்கும் நீலவொளியை. தரையில் அது 120 மீட்டர் ஆரத்துக்குப் பரவும். அதனால் பல கெடுதல்கள். நிலவொளியில் மங்கிய மழைகள் மறைந்துவிடும். மெல்லிய மேகம் வந்தாலும் ஒளி குறைந்து, ஆற்றலைக் குறைத்து மதிப்பிடுவீர்கள். நொடிக்கு எத்தனை பதிவு என்ற வீதம் திடீரென இறங்கினால் அந்தத் துண்டை வெட்டி எறியவேண்டும். உச்சிக்கோணம் 60 டிகிரியில் கதிர் கடக்கும் காற்று இருமடங்கு. ஒளி பரவும் பரப்பு நான்கு மடங்குக்கு மேல். அதே தொலைநோக்கி பார்க்கக்கூடிய குறைந்தபட்ச ஆற்றல் பல மடங்கு ஏறிவிடும்.

இதனால்தான் ஒரு வான்வரைபடத்தைத் துழாவிய பிறகு ‘எங்கள் மேல்வரம்பு இவ்வளவு’ என்று ஒற்றை எண் சொல்வது ஏமாற்றும். ஒவ்வோர் இலக்கும் வெவ்வேறு உச்சிக்கோணத்தில், வெவ்வேறு நேரத்தில் பார்க்கப்பட்டது; ஓர் இலக்குக்குள்ளேயே நடுவும் ஓரமும் சமமில்லை. வரம்பையும் வரைபடமாகவே தரவேண்டும். ஹெஸ் 2017-இல் காமா கதிர் எதையும் காணவில்லை. ஆனால் எந்த நேரத்தில், எந்த ஆற்றலில், எந்தப் பரப்பில் காணவில்லை என்று துல்லியமாகச் சொன்னதால் அந்த முடிவு இன்றும் பயன்படுகிறது. பிறகு எக்ஸ்-கதிர் பின்னொளிர்வு உச்சத்துக்கு ஏறிய மாதங்களில் மறுபடி 53.9 மணி நேரம் பார்த்து, தாரையின் காந்தப்புலத்துக்கு ஒரு கீழ்வரம்பும் வைத்தார்கள்.

வேகமும் எடையைப் பொறுத்தது. மேஜிக்கின் 17 மீட்டர் தொலைநோக்கிகளைக் கார்பன் இழைச் சட்டத்தில் கட்டியது அரை நிமிடத்துக்குள் எந்தத் திசைக்கும் திரும்பவேண்டும் என்பதற்காகவே. அதன் பக்கத்தில் நிற்கும் 23 மீட்டர் எல்.எஸ்.டி.-1 சுமார் 100 டன். 20 நொடி போதும். திரும்பவே தேவையில்லாதது மெக்சிகோவின் ஹாக்: 4,100 மீட்டர் உயரத்தில் 300 தண்ணீர்த் தொட்டிகள், இரவு பகல் பார்க்காமல் தலைக்கு மேலுள்ள வானத்தை எப்போதும் கவனிக்கும். ஆனால் உணர்திறன் குறைவு.

2017-க்குப் பிறகு ஏன் இன்னொன்று கிடைக்கவில்லை? கருவிகள் முன்னைவிட நன்றாகத்தானே உள்ளன? — சிங்கப்பூர் வாசகர்

ஈர்ப்பு அலைக் கருவிகள் மேம்பட்டன; அதனால் நிகழ்வுகள் தொலைவுக்குப் போயின. 2017-இன் காமா வெடிப்பு வழக்கமான குறுகிய வெடிப்பைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மங்கலானது. நாம் தாரைக்கு நேரே நிற்காமல் 20–30 டிகிரி பக்கவாட்டில் நின்றோம். இரு மடங்கு தூரத்தில் இருந்திருந்தால் ஃபெர்மிக்கே தெரிந்திராது. லைகோ இன்று கேட்கும் தூரம் அதைப்போல் மூன்று நான்கு மடங்கு. பக்கவாட்டு மோதல்கள் காமாவில் தெரியாமலே போகின்றன.

தாரை நேராக நம்மை நோக்கினால் தெரியும். ஆனால் அரைக்கோணம் 10 டிகிரி என்று கொண்டால் இரு தாரைகளும் சேர்ந்து மூடுவது வானத்தில் 1.5 சதவீதம். நேராகப் பார்க்கும் மோதல்களின் ஈர்ப்பு அலை பலமாக இருப்பதால், பிடிபடும் நிகழ்வுகளில் அந்தப் பங்கு 5 சதவீதம் அளவுக்கு உயரும். இருபதில் ஒன்று.

அதோடு இடத்தின் சோதனை. 2019 ஏப்ரல் 25-இன் இரண்டாவது நியூட்ரான் விண்மீன் இணைப்பு 50 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் நடந்தது. ஹான்ஃபோர்டு அன்று ஓடவில்லை. வர்கோவில் சமிக்ஞை மிகப் பலவீனம். பரப்பு 8,284 சதுர டிகிரி, முழு வானத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அதில் ஏறக்குறைய பாதியை ஃபெர்மிக்குப் பூமி மறைத்திருந்தது. நியூட்ரான் விண்மீன்கள் மோதியபோது காமா வரவில்லை என்று இதை வைத்து எவரும் சொல்ல முடியாது.

இந்தத் தேடலில் இந்தியாவின் பங்கு என்ன? ஊட்டியில் உள்ள கருவி இதற்கு உதவுமா? — குன்னூர் வாசகர்

முதலில் ஆஸ்ட்ரோசாட். 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது. அதன் சி.இசட்.டி.ஐ. கருவிக்கு 100 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மேல் கவசமே ஊடுருவிவிடுவதால், படம் எடுக்கக் கட்டிய கருவி வானம் முழுக்கக் கவனிக்கும் காவலாகவும் ஆனது. அதன் நல்ல வேலை 2017 ஜனவரியில். ஜனவரி 4-இன் கருந்துளை இணைப்புக்குப் பிறகு, அட்லாஸ் ஆய்வு வேகமாக மங்கும் ஒளிப்புள்ளி ஒன்றைக் கண்டது. ஈர்ப்பு அலைக்கு இதுதான் ஒளி ஜோடி என்று பரபரப்பு. சி.இசட்.டி.ஐ. தரவில், ஈர்ப்பு அலைக்கு சுமார் 21 மணி நேரம் கழித்து ஒரு காமா வெடிப்பு இருந்தது. அந்த ஒளிப்புள்ளி அதன் பின்னொளிர்வே. ஈர்ப்பு அலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஜோடி இல்லை என்று நிரூபிப்பதும் இந்தத் தேடலில் பாதி வேலை.

லடாக்கின் ஹன்லேயில் 4,270 மீட்டர் உயரத்தில் நிற்கும் மேஸ், 21 மீட்டர் செரென்கோவ் தொலைநோக்கி. 2024 அக்டோபர் 4 அன்று திறந்துவைக்கப்பட்டது. அதன் பலம் இடத்தில். அரிசோனாவின் வெரிடாஸ், லா பால்மா, நமீபியா மூன்றிலும் பகலாக இருக்கும்போது ஹன்லேயில் இருட்டு. அந்த மணி நேரங்களில் வரும் அறிவிப்புக்கு வேறு பெரிய செரென்கோவ் தொலைநோக்கி கிடையாது.

ஊட்டியின் கிரேப்ஸ்-3 வேறு வகை. துகள் பட்டால் மின்னும் உணர்கருவிகள் சுமார் 400, கூடவே 560 சதுர மீட்டர் மியூவான் கருவி. இரவு பகல் ஓடும். ஆனால் அது நன்றாகப் பார்ப்பது பத்து, நூறு டெரா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல்களில். அவ்வளவு ஆற்றலுள்ள காமா கதிர், கேலக்ஸிகளுக்கு இடையே பரவியிருக்கும் அகச்சிவப்பு ஒளியோடு மோதி எலக்ட்ரான்-பாசிட்ரான் ஜோடியாக மாறி வழியிலேயே தொலைந்துவிடும். பல கோடி ஒளியாண்டு தாண்டி வரும் நிகழ்வுக்கு அது ஏற்ற கருவி அல்ல. காஸ்மிக் கதிர், சூரியப் புயல் ஆய்வுகளில் அதன் இடம் தனி. செரென்கோவ் வழியில் காமா தேடல் இந்தியாவில் தொடங்கியதே ஊட்டியில்தான், 1969-இல், பல்சர்களைத் தேடி.

கல்லூரிக் கணினியில் இதை நாங்களே செய்துபார்க்க முடியுமா? — மதுரை, இயற்பியல் மன்ற மாணவர்கள்

முடியும். ஃபெர்மி தரவு முழுதும் பொதுவெளியில் உள்ளது. பி.என்.170817529 என்ற பெயரில் தேடுங்கள். கடைசி மூன்று இலக்கம் நாளின் பின்னம்: 12:41 என்பது 0.529 நாள். 1, 2, 5 எண் கொண்ட சோடியம் அயோடைடு உணர்கருவிகளின் தொடர் நேரப் பதிவுக் கோப்புகளை மட்டும் இறக்குங்கள். மற்றவற்றையும் சேர்த்தால் இரைச்சல்தான் கூடும். 50 முதல் 300 கிலோ எலக்ட்ரான்வோல்ட் வரை வடிகட்டி, 256 மில்லிநொடிப் பெட்டிகளாக எண்ணுங்கள். முன்னும் பின்னும் பல பத்து நொடிகளை எடுத்து, நடுவிலுள்ள ஐந்தாறு நொடியை விட்டுவிட்டு, பின்னணிக்கு ஒரு தாழ்படிப் பல்லுறுப்புக்கோவையைப் பொருத்துங்கள். படி கூடினால் வெடிப்பையே பின்னணி விழுங்கிவிடும். அரை நொடி உச்சம் ஒன்று தெரியவேண்டும். 10 முதல் 50 வரை மாற்றி வரைந்தால், உச்சத்துக்குப் பின் வரும் மென்மையான வால் வெளிவரும்.

ஈர்ப்பு அலை நேரத்தோடு ஒப்பிடும்போதுதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். லைகோ ஜி.பி.எஸ். நொடியில் எழுதும்: 1187008882.4. அது உலக நேரத்தைவிட 18 நொடி முன்னே ஓடுகிறது. ஃபெர்மி 2001 ஜனவரி 1 முதல் எண்ணும்: 524666471. அதில் 5 லீப் நொடிகள் கூடியிருக்கின்றன. கையால் மாற்றி ஒன்றை மறந்தால் 1.74 நொடி இடைவெளி ஏழு நொடியாகவோ, எதிர்த்திசையில் 16 நொடியாகவோ வரும். தயாராக உள்ள நேர மாற்று நிரலை ஓட்டிவிட்டு, கையால் ஒருமுறை போட்டு இரண்டையும் ஒப்பிடுங்கள். ஒத்துவந்தால் பிறகு நிரலையே நம்பலாம்.

அறிவிப்புகளில் எஸ் என்றும் எம்.எஸ். என்றும் தொடங்கும் பெயர்கள் வருகின்றன. என்ன வேறுபாடு? — ஈரோடு வாசகர்

எஸ்-க்குப் பின் ஆறு இலக்கம் தேதி. அதன்பின் அந்த நாளில் எத்தனையாவது என்பதைக் குறிக்கும் எழுத்துகள். எம்.எஸ். என்று தொடங்குபவை சோதனைக்காக மணிக்கொரு முறை அனுப்பும் பொய் நிகழ்வுகள். வடிவத்தில் அசலுக்கும் அவற்றுக்கும் வேறுபாடு கிடையாது. தானாகத் திரும்பும் தொலைநோக்கியை ஜி.சி.என்.னோடு இணைப்பவர்கள், முதல் எழுத்தைச் சோதிக்கும் வரியை நிரலின் தலையிலேயே எழுதிவிடவேண்டும்.